ஒரே எண்ணில் இரண்டு மலைகள்

கரியாலூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மருமகள் அரசுப் பணித் தேர்வு எழுதக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டிய காலையில்தான், மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை யாரும் பயணம் செய்ய வேண்டாம் என்று என் வானொலி சொன்னது. நான் அப்போது வீட்டில் இல்லை. கேட்டவர்கள் அவளுடைய மாமியாரும் கணவனும்.

தேர்வுக்கூடத்தின் கதவை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். பிறகு வருபவர் எந்தக் காரணம் சொன்னாலும் திரும்ப வேண்டியதுதான். முந்தைய தேர்வு நடந்தபோது அவள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்த வீட்டில் இருந்தாள். அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பழைய வினாத்தாள்களைப் புரட்டியவள் அவள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஒருவரும் அதுவரை இல்லை.

நான் சமூகப்பணி படித்தவள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் வேலைக்காக மலையில் தங்கியிருந்தேன். விடுமுறைக்குத் தியாகதுருகத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போவேன். பள்ளியோடு சேர்ந்த வேலை என்பதால் வீட்டார் என்னை டீச்சர் என்றே அழைத்தார்கள். தொலைதூரப் பண்பலை நிலையங்களைப் பிடித்துக் கேட்பது என் பொழுதுபோக்கு. கள்ளக்குறிச்சியில் நாலைந்து நிலையங்களைத் தாண்டினால் மீதி அலைவரிசை எண்கள் வெறும் இரைச்சல்தான். மலையேறிவிட்டால் அதே பெட்டியில் எண்ணுக்கு எண் யாராவது பேசுவார்கள். கிழக்கே கடற்கரை ஊர்கள், தெற்கே காவிரிக்கரை ஊர்கள், சில காலைகளில் தெலுங்கு, மிகச் சில காலைகளில் சிங்களம். பண்பலை பொதுவாகக் கண்ணுக்கு எட்டும் தூரம்வரைதான் போகும். ஆனால் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் தட்டுத்தட்டாக அசையாமல் நிற்கும் காலைகளில், அந்த அலை வளைந்து கடலையும் தாண்டி வரும். அதற்காக மாடியில் மூங்கில் கழி நட்டு, அலுமினியக் கம்பிகள் வைத்த ஏரியல் ஒன்றைக் கட்டி, கீழே பெட்டிவரை ஒரு கம்பி இழுத்திருந்தேன். எந்தத் திசையிலிருந்து கேட்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஏரியலைக் கையால் திருப்பிக்கொள்ளலாம். வீட்டுக்காரத் தம்பி, மருமகளின் கணவன், அதற்கு மீன்முள் என்று பெயர் வைத்திருந்தான்.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களிடையே கறாரான ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிலையம் தன் பெயரைத் தானே சொல்லக் கேட்காதவரை, அதைக் கேட்டேன் என்று எவரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. எண் ஒத்துப்போவது போதாது; மொழி ஒத்துப்போவதும் போதாது. காரணம் பண்பலையின் ஓர் இயல்பு. மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் மோதினால் குரல்கள் கலந்து கேட்கும். ஏதோ கோளாறு என்று காதுக்குத் தெரிந்துவிடும். பண்பலையிலோ வலுவான அலை மற்றதை முழுதாக விழுங்கிவிடும். கரகரப்பு இருக்காது, தடுமாற்றம் இருக்காது. ஒரு நிலையத்தின் பாட்டு பாதியில் நின்று, அதே எண்ணில், அதே தெளிவோடு, முன்னூறு மைலுக்கு அப்பாலிருந்து இன்னொருவர் பேசிக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் பழையது திரும்பியும் விடும். இடையில் நடந்தது, கவனிக்காதவருக்குத் தெரியவே தெரியாது.

தேர்வுக்கு முந்தைய மாலை கோடைமழை இடியோடு இறங்கியது. மின்சாரம் போனது. விடிவதற்குள் கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. காலையில் வானம் வெறிச்சென்று இருந்தது. காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைப் பனி தேங்கிக் கிடந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தக் காட்சியைக் கண்டதுமே மாடிக்கு ஓடியிருப்பேன். அன்று செய்திதான் வேண்டியிருந்தது. தேர்வை ஒத்திவைத்திருக்கிறார்களா, மழைச்சேதம் ஏதும் உண்டா என்று கேட்டுச் சொல்லும்படி வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் கடற்கரை நிலையத்தின் எண்ணில் பெட்டியை வைத்துவிட்டு, முதல் பேருந்து வருகிறதா என்று பார்க்க நிறுத்தத்துக்குப் போனேன். எங்களுக்கு அப்பால் வெள்ளிமலையில் இரவு தங்கிவிட்டு எங்கள் ஊர் வழியாகக் கீழே இறங்கும் பேருந்து அது. அன்று வரவில்லை. நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேருக்கும் காரணம் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மருமகள் சேலை உடுத்தி, நுழைவுச்சீட்டை நெகிழி உறைக்குள் போட்டு மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். அவளுக்கு எதிரே, நிலைப்படியை மறித்தாற்போல மாமியார்.

"ரோடு அடைஞ்சிபோச்சாம் டீச்சர். மலையில மண்ணு சரிஞ்சிகினு இருக்குதாம். வண்டி எதுவும் போவக் கூடாதுன்னு ரேடியோலயே சொல்லிட்டான். நீயே சொல்லு இவளுக்கு."

பெட்டியில் கடற்கரை ஊரின் துணிக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

எந்த மலை என்று சொன்னார்களா என்று கேட்டேன். மாமியாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மலை என்றுதான் சொன்னான். நம்முடையதைவிட்டால் வேறெந்த மலையைப் பற்றி நம்மிடம் சொல்லப்போகிறான் என்றார். ஊர்ப் பெயர் ஏதாவது காதில் விழுந்ததா என்று தம்பியிடம் கேட்டேன். என்னென்னவோ பெயர் சொன்னான், குழந்தை அழுததில் சரியாகக் கேட்கவில்லை என்றான். பேச்சு நம்மவர் பேச்சு போல் இருந்ததா என்றும் கேட்டேன்.

அவன் சிரித்தான். "நியூஸ் தமிழு எது டீச்சர் நம்ம பேச்சு மாரி இருக்கும்? எல்லா நியூஸும் அப்பிடித்தான். மெட்ராஸ்காரன் படிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், எவன் படிச்சாலும் ஒண்ணுதான்."

அவன் சொன்னது என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. இலங்கை வானொலியின் தமிழை இரண்டு சொற்களில் அடையாளம் கண்டுவிடுவேன் என்று எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை படித்தவளின் காதுக்கு உரியது. செய்தித் தமிழ் எங்கிருந்து வந்தாலும் இந்த வீட்டுக்கு அது வெளியூர்த் தமிழ்தான்.

என் சந்தேகத்தைச் சொன்னேன். இத்தகைய காலையில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையங்கள் வரும். இங்கே கோடை நடக்கும் நாட்களில்தான் இலங்கையின் மலைநாட்டில் பெருமழை பெய்யும். அங்கே மண்சரிவும் உண்டு, எச்சரிக்கையைத் தமிழிலும் வாசிப்பார்கள். அது இந்த எண்ணில் வந்து, போயும் இருக்கலாம்.

"ஒரே நம்பர்ல ரெண்டு பேரா? பஸ்ஸுல ஒரு சீட்டுல ரெண்டு பேரு குந்தற மாரியா?"

"ஒருத்தர எழுப்பி வுட்டுட்டு இன்னொருத்தர் குந்தற மாரி தம்பி. எழுந்தவர் திரும்ப வந்தும் குந்திடுவார்."

"டைமெல்லாம் கரீட்டா சொன்னானே. நம்ம கடியாரமும் அதான் காட்டிச்சி. வேற நாட்டுல டைம் வேறயா இருக்காதா?"

நமக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்றேன். அவன் தாயைப் பார்த்தான். தாய் என்னைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ளச் சொல்லும் சாக்குபோல அது அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். பேருந்து வரவில்லை என்பதையும் நான் மறைக்க முடியாது. சொன்னேன். மாமியார் அதற்குமேல் வாதாடவில்லை. மருமகளின் தோளிலிருந்த பையைக் கழற்றத் தொடங்கினார்.

"நா நடந்தாவது போறேன்," என்றாள் மருமகள். அன்று காலை அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பையின் வாரை அவள் விடவில்லை.

நான் என்ன சொன்னாலும் அது நடந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னை அச்சுறுத்தியது. போகச் சொன்னால் தம்பி தன் இருசக்கர வண்டியை எடுத்துவிடுவான். எச்சரிக்கை நம் மலையைப் பற்றியதாக இருந்துவிட்டால், ஈர மண் நிற்கும் அந்த வளைவுகளில் இருவரை அனுப்பியவள் நான். வேண்டாம் என்றால் அவள் வீட்டில் இருந்துவிடுவாள். எச்சரிக்கை வேறு மலையுடையதாக இருந்தால், யாருக்கோ சொல்லப்பட்ட செய்தியைக் காட்டி அவளுடைய தேர்வைப் பறித்தவளும் நான்தான். உயிரையும் தேர்வையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த மலையில் எதற்கும் முதலில் சொல்லப்படுவது 'வேண்டாம், பத்திரம்' என்பதுதான். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாததற்கும் அதைத்தான் சொன்னார்கள். கல்லூரிக்கு அனுப்பாததற்கும் அதையே சொன்னார்கள். அந்தச் சொல்லை மறுத்துப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று அதே சொல் என் வாயிலேயே வந்து நின்றது.

பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். தம்பி பின்னாலேயே வந்தான். ஏரியல் கிழக்கே, கடற்கரை நிலையத்தைப் பார்த்திருந்தது. அதைத் தென்கிழக்காக, இன்னும் தெற்கே சாய்த்துத் திருப்பினேன். விளம்பரத்தின் ஓசை மெலிந்தது, ஆனால் போகவில்லை. ஒரு விரற்கடை திருப்பினால் இரைச்சல், இன்னொரு விரற்கடையில் மறுபடி அதே பாட்டு. கழி பனியில் நனைந்து வழுக்கியது. கீழே மாமியார் குழந்தையை அதட்டுவது கேட்டது. தம்பி இரண்டு முறை மணி பார்த்தான். இப்போது கிளம்பினால்கூட ஒன்பது மணிக்குள் போய்ச் சேர விரட்டத்தான் வேண்டும் என்றான்.

பாட்டு ஒரு சரணத்தின் நடுவில் அறுந்தது. ஓர் ஆண் குரல், மிகத் தெளிவாக, பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல வந்தது. மண்சரிவு அபாயம் உள்ள மலைச்சரிவுகளில் வசிப்போர் உடனடியாக வெளியேற வேண்டும் என்றது. தம்பி என் கையைப் பிடித்தான். இதேதான், இதே ஆளுதான் என்றான். நான் பேசாமல் இருக்கச் சைகை காட்டினேன். வீதிகள் மூடப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. பிறகு பெயர்கள் வந்தன: பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி. கடைசியில் நிலையம் தன் பெயரைச் சொல்லிற்று. கொழும்பிலிருந்து.

தம்பி மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினான். "ரோடு நல்லாத்தான் கீதும்மா, அது சிலோன் ரோடு" என்று அவன் கத்தியது எனக்குக் கேட்டது.

அந்த இடத்தில்தான் உண்மையான தவறு நேர இருந்தது. நானும் ஒரு நொடி அதற்கு உடன்பட்டேன். எச்சரிக்கை நம்முடையதல்ல என்று தெரிந்ததும் ஏற்பட்ட நிம்மதியில், நம் பாதை திறந்திருக்கிறது என்று மனம் தானாகவே முடிவுசெய்துவிட்டது. ஆனால் வானொலி அப்படிச் சொல்லவில்லையே. நம் பாதையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது பெய்ததுதான். வராத பேருந்து வராததுதான்.

நான் பெட்டியோடு இறங்கியபோது வண்டி முடுக்கப்பட்டிருந்தது. மருமகள் பின்னால் ஏறிவிட்டாள். இஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னேன். ரேடியோ சொன்னது வேறு மலை, அது உறுதி. நம் ரோடு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வளைவுக்கு வளைவு நின்று பார்த்துப் போக வேண்டும். மண்ணோ கல்லோ விழுந்திருந்தால் திரும்பிவிட வேண்டும்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "தெரியாதுன்னா இன்னாத்துக்கு அனுப்பற?"

மருமகள்தான் சொன்னாள், மாமியாரைப் பார்த்து: "டீச்சர் அனுப்பலத்த. நா போறேன்."

போய்விட்டார்கள்.

அதன் பிறகான நேரம் எனக்கு நீண்டது. மாமியார் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குழந்தையைத் தூளியில் போட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் அதை அவர் மன்னித்திருக்க மாட்டார், நானும்தான். கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கோபுரம் உயிர் பெறவில்லை. பெட்டி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கடற்கரையும் கொழும்பும் மாறி மாறி வந்தன. இப்போது மாமியாருக்கே மாற்றம் பிடிபட்டது. கொழும்பு வந்ததும் தூளியாட்டும் கால் நின்றது.

ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மண்ணில் புதைந்ததாகச் செய்தி வந்தது. வெளியேறச் சொன்ன பின்பும் சிலர் வீடுகளிலேயே தங்கியிருந்தார்களாம். மாமியார், அங்கே தமிழ் பேசுகிற ஜனம் எப்படி என்று கேட்டார். நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்றேன். கூலிக்கா என்றார். ஆமாம் என்றேன். அவர் கால் மீண்டும் தூளியை மெல்ல ஆட்டத் தொடங்கியது. காலையில் நாங்கள் யாருடையது என்று தீர்ப்பதிலேயே குறியாக இருந்த அந்த எச்சரிக்கை, அங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது. அது வேறு மலை என்று தெரிந்தபோது நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை இப்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துப்பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு தம்பி தனியாக வந்தான். முழங்கால்வரை சேறு. மாமியார் எழுந்தார். அவனே சொன்னான். மண் சரியவில்லை. பாதி மலையில் பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடக்கிறது. வெள்ளிமலைப் பேருந்தைக் கிளம்ப வேண்டாம் என்று நிறுத்தியதும் அதனால்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறிவந்த பேருந்து ஒன்று. மேலே வர முடியாததால் ஓட்டுநர் பேருந்தைப் பின்னாலேயே அகலமான வளைவுவரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டியை மரத்தைத் தாண்டித் தூக்க முடியவில்லை. அவள் சேலையைச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் நின்றவர்கள் கை கொடுக்க, தாண்டிவிட்டாளாம்.

"ஏறிக்கினாளா?" என்றார் மாமியார்.

"ஏறிக்கினா. ஆனா டைமுக்குப் போய்ச் சேர்ந்தாளான்னு தெரியல. அந்தப் பக்கமும் மண்ணு கொஞ்சம் ஊறிக்கினுதான் கீதாம்."

ஆக, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. பெட்டியிலிருந்து மின்கலங்களை எடுத்து என் கைவிளக்கில் போட்டேன். இனி அதனிடமிருந்து எங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. பிற்பகலில் மரத்தை அறுப்பதாகத் தகவல் வந்தது. அதை அறுத்து முடித்ததாகத் தகவல் வரவில்லை. தம்பி மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். மாமியார் ஒருவழியாக உலை வைத்தார்.

வெயில் சாயும் நேரத்தில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவள் சேலையின் கீழ்ப்பாதி முழுவதும் காய்ந்த சேறு. ஒரு முழங்கையில் பட்டை சிராய்த்த கோடுகள். பேருந்து நிலையத்திலிருந்து தேர்வு நடந்த பள்ளிவரை ஓடினாளாம். காவலர் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மறுபாதிக்குக் கை வைத்திருந்தாராம். அவளுடைய சேலையைப் பார்த்து, எங்கிருந்து என்று மட்டும் கேட்டாராம். கரியாலூர் என்றதும் உள்ளே போகச் சொன்னாராம். முதல் சில வினாக்களுக்கு, ஓடிவந்த வேகத்தில், வட்டத்துக்கு வெளியே மை போனதாகச் சொன்னாள். தேறுவாளா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் கேட்க நினைத்ததை மாமியார் முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் எழுதினியா?"

"தெரிஞ்சத எழுதிட்டேன்த்த. ரெண்டு கணக்குக்குத்தான் நேரம் பத்தல."

மாமியார் தலையை அசைத்தார். சேலையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அவள் மாற்றி வந்ததும், சேறு படிந்த சேலையை அவள் கையிலிருந்து வாங்கி, பின்பக்கம் துவைக்கும் கல்லுக்கு எடுத்துப் போனார். குழந்தை தாயிடம் தாவியது. சேலையைக் கும்மும் ஓசை இருட்டும்வரை கேட்டது.